சிப்பி ஏலமும் சொல் ஏலமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிடைப் பரந்து கிடக்குந் தீவுகளுள் வேலணைத் தீவு சிறப்புடையது. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் அதனை லெய்டன் என வழங்கினர். சரவணை அத்தீவின் ஊர்களுள் ஒன்று. அத்தீவின் வடமேற்கு முனையில் ஊர்காவற்றுறை அமைந்துள்ளது. போர்த்துக்கேயர் அத்துறையை 'யானைகளின் இறங்குதுறை' என்னும் பொருள்படத் தம்மொழியில் அழைத்தனர். அத்தொடரின் முதற்சொல்லே 'கைற்ஸ்' எனத் திரிந்து இன்றுவரை நிலைபெற்றது. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் யாழ்ப்பாணத்துக்குக் கொணரப்பட்டு, உயரம் அளக்கப்பட்டு, அங்கக் குறைகள் ஆராயப்பட்டு, கோல்கொண்டா, வங்காளம் முதலிய நாடுகளின் வணிகருக்கு விற்கப்பட்டன. 'ஏலம்' என நாம் வழங்குஞ் சொல்லும் போர்த்துக்கேயரின் 'லெய்லாங்' என்னுஞ் சொல்லின் திரிபே என்பர் சொல்லாராய்ச்சியாளர். ஆகவே துறையின் பெயரும் ஏலத்தின் பெயரும் ஒரே மரக்கலத்தில் வந்திறங்கியவை எனலாம்.

தீவக மக்களுக்கு ஏலம் புதிதன்று. மீன்துறைகளிலே படகு கரைசேர்ந்தவுடன் மீன் ஏலங் கூறி விற்கப்படும். கோயில் விழாக்களிலே நேர்த்திப் பொருள்கள் ஏலங் கூறப்படும். இவ்விடங்களிலெல்லாம் பொருள் கண்முன்னே கிடக்கின்றது. கேட்போரும் ஒருவரையொருவர் காண்கின்றனர். ஆயின் இந்நூற்றாண்டிலே கண்ணுக்குப் புலனாகாத ஏலமொன்று உலகெங்கும் இரவுபகலாக நடைபெற்று வருகின்றது. அங்கே ஏலத்துக்கு வருவன சொற்கள். ஒருவர் தேடுபொறியிலே ஒரு சொல்லை இட்டுத் தேடும் அக்கணத்தில், அச்சொல்லின் அருகே தம் விளம்பரம் தோன்றவேண்டும் என்று வணிகர் பலர் போட்டியிடுகின்றனர். விளம்பரத்தை எவரேனுஞ் சொடுக்கினாற் பணம், சொடுக்காவிடிற் பணமில்லை என்பதே அதன் விதி. இவ்வேலத்தின் வரலாற்றையும், அதிற் புகுந்த போட்டிப் பூசலையும், வஞ்சத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏலப் போட்டியின் கேடு பழமையானது. கி. பி. 193ஆம் ஆண்டிலே உரோமைப் பேரரசின் மெய்காவற் படையினர் தம் மன்னனைக் கொன்றபின் அரசுரிமையையே ஏலத்திற் கூறினர். சுல்பிசியானுஸ் என்பான் படைவீரன் ஒருவனுக்கு 20,000 நாணயம் தருவதாகக் கூற, திதியுஸ் யூலியானுஸ் என்பான் 25,000 எனக் கூறி அரசைப் பெற்றான். அறுபத்தாறு நாள்களின் பின் அரசையும் உயிரையும் ஒருங்கே இழந்தான். ஏலத்தில் வென்றவன் பெரும்பாலும் பொருளின் மதிப்பை மிகைப்படக் கணித்தவனே என்று இக்காலப் பொருளியலார் கூறும் உண்மைக்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இவ்வுண்மையை இலங்கை வரலாற்றிற் காணவிரும்புவோர் மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பை நோக்குதல் வேண்டும். ஆங்கிலேயர் இலங்கையின் கரைநாட்டைக் கைப்பற்றிய 1796ஆம் ஆண்டு முதல் 1798ஆம் ஆண்டு வரை தொடர்ந்து மூன்றாண்டுகள் முத்துக்குளிப்பு நடைபெற்றது. குளிப்புரிமை முழுவதும் குத்தகைக்கு விடப்பட, ஆண்டுதோறுங் குத்தகைத் தொகை உயர்ந்துகொண்டே சென்றது. 1799ஆம் ஆண்டில் வருவாய் பெரிதும் வீழ்ந்தது. இடைவிடாத குளிப்பினாற் படுக்கைகள் வறண்டுவிட்டன. பிற்காலத்தில் வேறொரு முறை வழக்கிற்கு வந்தது. மரிச்சுக்கட்டி போன்ற வெறுங் கடற்கரைகளிலே சில கிழமைகளுக்கு மட்டும் பெருநகரொன்று எழும். தோணிகள் கொணர்ந்த சிப்பிகள் மூன்று பங்காக்கப்படும். ஒரு பங்கு குளிப்போருக்குரியது. அரசினருக்குரிய இரு பங்குஞ் சிப்பி ஆயிரத்துக்கு இவ்வளவு என மாலைதோறும் ஏலத்தில் விற்கப்படும். 1905ஆம் ஆண்டில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசினர் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா வருவாய் பெற்றனர். அடுத்த ஆண்டுக் குளிப்பின்போது யாழ்ப்பாணக் கச்சேரியிற் பணிபுரிந்த இளைஞரும் பின்னர் பெரும் எழுத்தாளராய்த் திகழ்ந்தவருமாகிய லெனாட் வூல்ஃப் அங்கு கடமையாற்றித் தம் வரலாற்று நூலில் அதனை விரித்துரைத்துள்ளார்.

இச்சிப்பி ஏலத்தின் தனித்தன்மை யாதெனின், வாங்குவோன் சிப்பியின் உட்பொருளைக் காணாமலே விலை கூறவேண்டும் என்பதாம். ஆயிரஞ் சிப்பியில் ஒரு முத்துங் கிடையாதொழியலாம்; ஒரே சிப்பியில் ஓராண்டுச் செல்வங் கிடைத்தலுங் கூடும். இவ்வறியாமையைக் குறைக்கும்பொருட்டு, குளிப்புக்கு முன்னர் மாதிரிச் சிப்பிகள் எடுக்கப்பட்டு, கழுவி ஆராயப்பட்டு, முத்து வணிகராற் மதிப்பிடப்பட்டு, அம்மதிப்பு அரசினராற் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. வஞ்சமும் அங்கிருந்தது. குளிப்போர் தோணியிலேயே சிப்பியைத் திறந்து நல்முத்தை மறைப்பர், சிலர் விழுங்குவர். ஆயின் அவ்வஞ்சத்தால் இழப்புற்றோருள் முதல்வர் விற்பனையாளராகிய அரசினரே. ஆதலின் அவர் காவலரை நிறுத்திக் கண்ணுங் கருத்துமாய்ப் பாதுகாத்தனர். இச்செய்தி பின்வரும் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

இனி, சொல் ஏலத்தின் தோற்றத்தை நோக்குவாம். 1998ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திற் பில் குரொஸ் என்பார் 'கோடூ' என்னுந் தேடுபொறியை நிறுவினார். அதுகாறும் இணையத்தில் விளம்பரங்கள் ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்றே விற்கப்பட்டன. கோடூ நிறுவனமோ ஒவ்வொரு சொல்லையும் ஏலத்துக்கு விட்டது. மிகுதியாகக் கேட்டவர் முதலிடத்தையும், அடுத்தவர் இரண்டாமிடத்தையும் பெற்றனர். ஒவ்வொரு சொடுக்குக்கும் அவரவர் கேட்ட தொகையையே அவரவர் செலுத்தினர். பிறர் கேட்ட தொகையும் எல்லார்க்கும் வெளிப்படையாகத் தெரிந்தது. 2001ஆம் ஆண்டில் இந்நிறுவனம் ஓவர்ச்சர் எனப் பெயர் மாறியது. 2003ஆம் ஆண்டில் யாகூ நிறுவனம் அதனை ஏறத்தாழ 160 கோடி டொலருக்கு வாங்கியது.

பார்வைக்கு நேரியதாய்த் தோன்றும் இவ்விதி முடிவில்லாப் பூசலுக்கு வித்தாயிற்று. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு சொல்லுக்கு விளம்பர இடங்கள் இரண்டு உள எனக் கொள்க. முதலிடத்திற்கு நாளொன்றுக்கு 100 சொடுக்குகளும், இரண்டாமிடத்திற்கு 60 சொடுக்குகளுங் கிடைக்கும். வணிகர் மூவர். ஒரு சொடுக்கின் மதிப்பு முதல்வனுக்கு 50 ரூபா, இரண்டாமவனுக்கு 40 ரூபா, மூன்றாமவனுக்கு 20 ரூபா. மூன்றாமவன் 20 ரூபாவுக்கு மேற் கேளான். ஆகவே 21 ரூபா கேட்பவனுக்கு இரண்டாமிடம் உறுதி. அவ்விடத்தில் இரண்டாமவன் பெறும் ஊதியம் 60 சொடுக்குக்கு 19 ரூபாவாக 1,140 ரூபா. முதலிடத்தை 28 ரூபாவுக்குப் பெற்றால் அவனுக்கு 1,200 ரூபா ஊதியம் உண்டு. 29 ரூபாவுக்குப் பெற்றாலோ 1,100 ரூபாவே எஞ்சும். எனவே அவனும் முதல்வனும் 22, 23, 24 என ஒருவரையொருவர் ஒவ்வொரு ரூபாவால் விஞ்சிச் செல்வர். முதல்வன் 29 ரூபாவைத் தொட்டதும் இரண்டாமவன் போட்டியைக் கைவிட்டு 21 ரூபாவுக்கு இறங்கிவிடுவான். இதனைக் கண்ட முதல்வன் வீணே 29 ரூபா கொடுப்பானேன் என்று 22 ரூபாவுக்கு இறங்குவான். உடனே இரண்டாமவன் 23 ரூபா கேட்பான். மீண்டும் பூசல் தொடங்கும். இங்ஙனம் விலை வாள்வரிசைப் பற்கள்போற் படிப்படியாய் ஏறிச் சடுதியாய் வீழ்ந்தது. ஓவர்ச்சரின் ஏலப் பதிவுகளை ஆராய்ந்த எடெல்மன், ஒஸ்திரொவ்ஸ்கி என்னும் பொருளியலறிஞர் இருவர் இத்தகைய ஏற்ற இறக்கங்கள் உண்மையில் நிகழ்ந்தமையை எடுத்துக்காட்டினர். மனிதர் கைசோர்ந்தபோது, தொகையை ஓயாது மாற்றுதற்கென்றே கணினி நிரல்கள் அமர்த்தப்பட்டன.

இப்பூசலைத் தணிக்கும் நெறியொன்று முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. 1961ஆம் ஆண்டிலே வில்லியம் விக்கிறி என்னும் பேராசிரியர், ஏலத்தில் வென்றவன் தான் கேட்ட தொகையைக் கொடாமல் தனக்கு அடுத்தவன் கேட்ட தொகையைக் கொடுப்பானாயின், ஒவ்வொருவனும் தன் மனத்திலுள்ள உண்மை மதிப்பையே கூறுதல் அவனுக்கு நன்மையாய் முடியும் என நிறுவினார். உண்மை கூறுவோன் தோல்வியடையாதவாறு விதியை அமைத்தலே அவ்வறிஞர் கண்ட நுட்பம். இதற்காக 1996ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவித்த மூன்றாம் நாள் அவர் காலமானார். 2002 பெப்ரவரியிற் கூகிள் நிறுவனம் தன் விளம்பர ஏலத்தில் இதனையொத்த விதியைக் கைக்கொண்டது. ஒவ்வொருவரும் தமக்குக் கீழுள்ளவரின் தொகையை ஒட்டியே செலுத்தினர். அன்றியும் கேட்ட தொகை மட்டுமன்றி, விளம்பரத்தை மக்கள் எவ்வளவு விரும்பிச் சொடுக்குகின்றனர் என்பதும் வரிசையைத் தீர்மானித்தது. 2005ஆம் ஆண்டிற் கூகிளின் 614 கோடி டொலர் வருவாயில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்ட பங்கு இவ்வேலத்தினின்றே வந்தது. ஆயினும் இடங்கள் பலவாயவழி இவ்விதி விக்கிறியின் விதியோடு முற்றும் ஒவ்வாது என்றும், உண்மை கூறுதலே எப்போதுஞ் சிறந்த வழியென அங்கு கூறலாகாது என்றும் 2007ஆம் ஆண்டில் அறிஞர் நிறுவினர். பூசல் தணிந்ததேயன்றி ஒழிந்திலது.

சொற்களின் விலை ஏறவே, ஒருவர் வளர்த்த பெயரைப் பிறர் ஏலத்தில் எடுத்தல் முறையோ என்னும் வினா எழுந்தது. இவ்வினாவைத் தமிழ்நாட்டு நீதிமன்றமே ஆராய நேர்ந்தது ஈண்டு நோக்கத்தக்கது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கொன்சிம் இன்ஃபோ நிறுவனம் பாரத் மற்றிமொனி, தமிழ் மற்றிமொனி முதலிய பெயர்களிலே திருமணத் தொடர்புத் தளங்களை நடத்தி வந்தது. மக்கள் அப்பெயர்களை இட்டுத் தேடுகையிற் போட்டித் தளங்களின் விளம்பரங்கள் தோன்றுகின்றன என்று கூறி, அது 2009ஆம் ஆண்டிற் கூகிளையும் போட்டி நிறுவனங்களையும் எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2010 செப்ரெம்பர் 30ஆம் நாள் நீதியரசர் வி. இராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தார். 'பாரத்', 'தமிழ்', 'மற்றிமொனி' என்பன பொதுவழக்கிலுள்ள விளக்கச் சொற்களாதலின், அவற்றை ஒருவர் தமக்கே உரியனவாகப் பூட்டிவைத்தல் எளிதன்று என்பது அத்தீர்ப்பின் சாரங்களுள் ஒன்று.

அந்நிறுவனம் பின்னர் 2012ஆம் ஆண்டில் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. 2018 பெப்ரவரி 8ஆம் நாள் ஆணையம் தேடல் முடிவுகளை ஒருதலையாகக் காட்டியமைக்காகக் கூகிளுக்கு 135.86 கோடி ரூபா தண்டம் விதித்தது. ஆயினும் விளம்பர ஏலம் பற்றிய முறைப்பாட்டிற் குற்றங் காணவில்லை. 2023 ஓகஸ்ட் 10ஆம் நாள் தில்லி உயர் நீதிமன்றம், பிறர் வணிகப் பெயரைத் திறவுச்சொல்லாக ஏலத்தில் எடுத்தல் தன்னளவிற் குற்றமன்று என்றும், மக்களை மயக்குமாயின் அது குற்றமாகும் என்றும் தீர்ப்பளித்தது. அன்றியும் ஏலத்தை நடத்துவோன் வாளாவிருக்கும் பார்வையாளன் அல்லன் எனவும் அந்நீதிமன்றம் கருதிற்று.

பூசலினுங் கொடியது வஞ்சம். சொடுக்கு ஒவ்வொன்றுக்கும் விலை உண்டாயின், பொய்ச் சொடுக்கினால் ஊதியம் பெறுவோரும் உளராவர். அவர் மூவகையினர். போட்டி வணிகனின் விளம்பரத்தைப் பலமுறை சொடுக்கி அவன் அன்றாடத் தொகையை வற்றச்செய்வோர் ஒருவகையினர். அவன் தொகை தீர்ந்ததும் அவன் விளம்பரம் மறையும்; அடுத்தவன் குறைந்த விலைக்கு மேலிடம் பெறுவான். தம் தளத்திற் பிறர் விளம்பரத்தை ஏற்று, வருவாயிற் பங்கு பெறும்பொருட்டுத் தாமே சொடுக்குவோர் இரண்டாம் வகையினர். 2003ஆம் ஆண்டிற் கூகிள் பிற தளங்களிலும் விளம்பரங்களை இட்டு வருவாயைப் பங்கிடத் தொடங்கிய பின் இவ்வகையினர் பெருகினர். பிறர் கணினிகளைத் தீய நிரல்களாற் கவர்ந்து, உரியவர் அறியாமற் சொடுக்கச் செய்வோர் மூன்றாம் வகையினர்.

2004 மே மாதத்தில் இந்திய ஆங்கில நாளிதழொன்று, இல்லத்தரசியரும் பட்டதாரிகளும் வீட்டிலிருந்தவாறே விளம்பரங்களைச் சொடுக்கி மாதந்தோறும் 100 முதல் 200 டொலர் வரை ஈட்டுகின்றனர் என வெளியிட்டது. அவர்கள் தாம் செய்வது இன்னதென முழுதும் உணர்ந்திருந்தனரோ என்பது ஐயத்துக்குரியது. கூலிக்குச் சிப்பி சுமப்போன் முத்தின் விலையை அறியாதவாறுபோல, கூலிக்குச் சொடுக்குவோனும் அச்சொடுக்கினால் நொடிந்தவன் எந்நாட்டவன் என்பதை அறியான். அதே ஆண்டின் இறுதியிற் கூகிளின் நிதித் தலைவர், சொடுக்கு மோசடியைத் தம் தொழிலுக்கு நேர்ந்த பெருங் கேடாகக் குறிப்பிட்டார்.

2005ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்துப் பரிசுப்பொருள் வணிக நிலையமொன்று, பொய்ச் சொடுக்குகளுக்குந் தம்மிடம் பணம் பெறப்பட்டது என்று தேடுபொறி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது. 2006ஆம் ஆண்டில் வழக்குரைஞர் கட்டணமுட்பட 9 கோடி டொலர் வரை வழங்கக் கூகிள் உடன்பட்டு அவ்வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அவ்வழக்கின்பொருட்டு அமர்த்தப்பட்ட பேராசிரியர் அலெக்சாண்டர் துசிலின் விரிவான அறிக்கையொன்றை அளித்தார். கூகிளின் காவல் முயற்சிகள் நியாயமானவையே என்பது அவர் முடிபு. ஆயினும் ஒரு சொடுக்கு மெய்யோ பொய்யோ என்பது சொடுக்கியவனின் உள்ளக் கருத்தைப் பொறுத்தது. அக்கருத்தை எக்கணினியும் முற்றாக அறிய இயலாது என்னும் அடிப்படை இடர்ப்பாட்டையும் அவர் சுட்டிக்காட்டினார். 2005ஆம் ஆண்டின் தொடக்கம் வரை, பழக்கத்தால் ஒருவர் இருமுறை தொடர்ந்து சொடுக்கின் இரண்டாஞ் சொடுக்குக்கும் பணம் பெறப்பட்டது என்பதும் அவ்வறிக்கையால் வெளிப்பட்டது. மூன்றாம் வகை வஞ்சத்துக்குச் சான்றாக 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை வெளிப்படுத்திய சதியைக் கூறலாம். எசுத்தோனியாவிலிருந்து இயங்கிய கூட்டமொன்று நூறு நாடுகளுக்கு மேற்பட்ட இடங்களில் ஏறத்தாழ நாற்பது இலட்சங் கணினிகளைக் கவர்ந்து, 1 கோடியே 40 இலட்சம் டொலரைத் திரட்டியிருந்தது. அதன் தலைவனுக்கு 2016ஆம் ஆண்டில் ஏழாண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கு சிப்பி ஏலத்தையுஞ் சொல் ஏலத்தையும் ஒப்புநோக்கல் தகும். இரண்டிலும் வாங்குவோன் உள்ளீட்டைக் காணாமலே விலை கூறுகின்றான். சிப்பியுள் முத்து உண்டோ இல்லையோ, சொடுக்கின் பின் வாங்குவோன் ஒருவன் உளனோ இலனோ என்பது பணங் கொடுத்த பின்னரே புலப்படும். ஆயின் பெருவேறுபாடொன்று உளது. முத்து மறைக்கப்பட்டபோது விற்போனே முதலிற் பொருளிழந்தான். ஆதலின் அவன் காவல் வன்மையுற்றது. பொய்ச் சொடுக்கிலோ விற்போன் உடனடியாக இழப்பதொன்றுமில்லை. பொய்ச் சொடுக்கும் அவன் கணக்கில் வருவாயாகவே பதிவுறும். இழப்பவன் வாங்கிய வணிகன் ஒருவனே. எந்தச் சொடுக்கு மெய், எது பொய் என்று முதலில் தீர்ப்போனும் விற்போனே.

இதற்கு மறுப்பும் உண்டு. பொய் மலிந்த சந்தைக்கு வணிகர் வாரார். ஆதலின் விற்போன் தன் பெயரைக் காத்தற்பொருட்டேனும் வஞ்சத்தைத் தடுப்பான் என்பர். ஐந்தில் ஒரு சொடுக்குப் பொய்யெனக் கண்ட வணிகன் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தே விலை கேட்பான். எனவே இழப்புத் தானே ஈடுசெய்யப்படும் என்றுங் கூறுவர். இவ்வாதங்களில் உண்மை உண்டு. பெருநிறுவனங்கள் கணக்கரை அமர்த்திப் பொய்யின் அளவை மதிப்பிடவும், அதற்கேற்ப விலையைக் குறைக்கவும் வல்லன. ஆயின் சிறு வணிகன் அங்ஙனம் அறியான். தீவகத்தினின்று கொழும்புக்கும் பிற நகரங்களுக்குஞ் சென்று கடை வைத்து வாழ்ந்தோர் தொகை பெரிது. போர்க்காலத்தின் பின் அவர்தம் மக்கள் கனடா, பிரித்தானியா, பிரான்சு முதலிய நாடுகளிற் பரந்துள்ளனர். அங்கு ஒருவர் நாளொன்றுக்குச் சிறு தொகையை ஒதுக்கித் தம் கடைக்கு விளம்பரந் தேடுவாராயின், காலை பத்து மணிக்குள் அத்தொகை பொய்ச் சொடுக்கில் வற்றிவிடினும், அது வாணிக மந்தமென்றே எண்ணுவர். அறிந்தோன் விலையைக் குறைப்பான், அறியாதோன் முழு விலையுங் கொடுப்பான். ஆகவே வஞ்சத்தின் பாரம் எல்லார்மேலும் ஒப்ப விழுவதன்று. எளியோர்மேலேயே மிகுதியாக விழுகின்றது. 2018 பெப்ரவரியிற் கூகிளின் விளம்பர முறை தமிழ் மொழிக்கும் விரிக்கப்பட்டமையால், தமிழ்ச் சொற்களும் இன்று அவ்வேலத்தில் நிற்கின்றன. எனவே இஃது அயலார் செய்தி எனத் தமிழர் ஒதுக்கத்தக்கதன்று.

முத்துக்குளிப்பின் இறுதி வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. 1905ஆம் ஆண்டுப் பெருவருவாயைக் கண்டு மயங்கிய கம்பனியொன்று, 1906ஆம் ஆண்டில் ஆண்டுக்கு 310,000 ரூபா வீதம் இருபதாண்டுக்குப் படுக்கைகளைக் குத்தகைக்கு எடுத்தது. 1907ஆம் ஆண்டுக் குளிப்பின் பின் படுக்கைகள் வறண்டன, கம்பனியும் கலைந்தது. மன்னார்க் கரையின் ஏலத்தில் வாங்குவோனைக் காத்தது முன்னறிவித்த மாதிரி மதிப்பு ஒன்றே. எத்தனை சிப்பி எடுக்கப்பட்டது, அவற்றின் முத்து எத்துணைப் பெறும் என்பதைப் பலர் காணக் கழுவி, வணிகர் மதிப்பிட்டு, எழுத்தில் அறிவித்தமையே அது. அம்மதிப்பும் பிழைபட்டதுண்டு, எனினும் வறியவனுஞ் செல்வனும் அதனை ஒருங்கே அறிந்தனர். சொல் ஏலத்துக்கு இன்று வேண்டுவதும் அத்தகைய பொது மதிப்பே. எத்தனை சொடுக்கு நிகழ்ந்தது, எத்தனை பொய்யெனத் தள்ளப்பட்டது, எக்காரணத்தாற் தள்ளப்பட்டது என்பன விற்போனல்லாத மூன்றாமவராற் கணிக்கப்பட்டு எல்லார்க்கும் வெளியிடப்படுதல் வேண்டும். விக்கிறி உண்மை கூறும் வாங்குவோனுக்குத் தோல்வியில்லாத விதியைக் கண்டார். உண்மை கூறும் விற்போனுக்கு ஊதியமும், பொய்யைக் காணாதிருக்கும் விற்போனுக்கு இழப்பும் உண்டாகுமாறு அமைந்த விதி இன்னும் வகுக்கப்படாதிருக்கின்றது. அதனை வகுத்தல் வருங்காலப் பொருளியல் மாணாக்கரும் சட்ட மாணாக்கரும் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.